படித்தது நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்போம்

உயர்தர உயிரியல் வகுப்பு எடுப்பவர்களின் காதில் அடிக்கடி விழும் முறைப்பாடு இது: “சேர், படிக்கிறது ஒண்டும் நிக்குதில்லை.” தாய்மார் வந்தால் கேள்வி கொஞ்சம் மாறும்: “பிள்ளைக்கு ஞாபகசக்தி காணாது போல கிடக்கு. இன்னொரு ரியூசன் போடட்டோ?” வீட்டு மோட்டார் தண்ணீர் இறைக்காவிட்டால் கரண்ட் வருகிறதா, பூட்வால்வ் பிடிக்கிறதா என்றுதான் பார்ப்போம். எடுத்த எடுப்பில் கிணற்றை ஆழமாக்க ஆள் பிடிக்க மாட்டோம். படிப்பு விஷயத்தில் மட்டும் செலவு கூடிய திருத்தத்திலேயே தொடங்குகிறோம்.

ஞாபகசக்தியே பழுதான பிள்ளையை நான் கண்டது மிக அபூர்வம். பெரும்பாலும் பழுது படிக்கும் விதத்தில் இருக்கும், அல்லது நித்திரையில் இருக்கும். இரண்டையும் காசு செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் முறைப்பாடு கீழே எந்தத் தலைப்போடு பொருந்துகிறதோ அதற்குப் போங்கள். மேலே உள்ள காரணத்தைப் பார்த்து முடிக்காமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம். ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மாற்றவும் வேண்டாம். பிறகு எது வேலை செய்தது என்று தெரியாது.

## முதலில் வெற்றுத்தாள் சோதனை

எந்த அறிகுறி என்றாலும் இதைச் செய்துவிட்டு வாருங்கள். நேற்றுப் படித்த ஒரு பாடத்தை எடுங்கள். கொப்பி, ரியூட் (வகுப்பில் தரும் அச்சுக் குறிப்பு), போன் எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். வெற்றுத்தாளில் பத்து நிமிடம், ஞாபகம் வருவதையெல்லாம் எழுதுங்கள். ஒழுங்கு முக்கியமில்லை. பிறகு கொப்பியைத் திறந்து, விடுபட்டதையும் பிழைத்ததையும் சிவப்புப் பேனையால் குறியுங்கள்.

- தாளில் நாலைந்து வரிதான் என்றால்: அறிகுறி 1.
- நன்றாக வந்தது, ஆனால் போன மாதப் பாடத்தை எடுத்தால் வெறுமை என்றால்: அறிகுறி 2.
- தொடக்கம் மட்டும் நிறைய, நடுவிலிருந்து ஒன்றுமில்லை என்றால்: அறிகுறி 3.
- நிறைய எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பெயர்கள் இடம் மாறிவிட்டன என்றால்: அறிகுறி 4.
- விளக்கம் சரி, பட்டியலும் ஒழுங்கும்தான் விடுபட்டன என்றால்: அறிகுறி 5.
- எல்லாம் சரி, சோதனையில் மட்டும்தான் பிரச்சினை என்றால்: அறிகுறி 6.
- பத்து நிமிடம் இருந்து எழுதவே முடியவில்லை என்றால்: நேரே அறிகுறி 7.

## அறிகுறி 1: “வாசிக்கேக்க எல்லாம் விளங்குது, கொப்பியை மூடினா ஒண்டும் வருகுதில்லை”

வரும் முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் இதுதான்.

காரணம் அ: வாசிப்பு மட்டும் நடக்கிறது. கொப்பியைத் திறந்து பாருங்கள். பக்கம் முழுக்க மஞ்சள், பச்சை, றோஸ் நிறத்தில் கோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம். திரும்பத் திரும்ப வாசித்தால் பக்கம் பழகிவிடும். பழகினது தெரிந்தது போல இருக்கும். ஆனால் சோதனையில் பக்கம் முன்னால் இருக்காதே. கேட்டால் எடுத்துச் சொல்வது தனி வேலை, அதைத் தனியாகப் பழக வேண்டும்.

2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சிறிய உரைநடைப் பகுதிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு சாரார் இரண்டாம் முறையும் வாசித்தார்கள். மற்றவர்கள் வாசித்ததை மூடிவைத்து ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முன்னுக்கு: 81 வீதம், எழுதினவர்களுக்கு 75. ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 42, எழுதினவர்களுக்கு 56. நாளைக்குக் காலைச் சோதனைக்கு இரவிரவாக வாசித்துத் தப்பிய பிள்ளை, அதே முறையை உயர்தரத்துக்கும் கொண்டுபோய் ஏன் அடிபடுகிறது என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது.

செய்ய வேண்டியது: ஒரு பக்கம் வாசித்ததும் மூடுங்கள். அந்தப் பக்கத்தில் இருந்து வரக்கூடிய மூன்று நாலு கேள்விகளை ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். பதில் எழுத வேண்டாம். அடுத்த நாள் கேள்விகளை மட்டும் பார்த்துப் பதிலைச் சத்தமாகச் சொல்லுங்கள், முட்டுப்பட்ட இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். சொல்லிக் கேட்க ஆள் வேண்டுமென்றால் அம்மம்மா போதும். அவருக்கு உயிரியல் தெரியாதது நல்லது, விளங்காவிட்டால் “என்ன பிள்ளை சொல்லுறாய்?” என்று கேட்டுவிடுவார்.

இப்படிச் செய்யும்போது வாசிப்பதை விடக் கஷ்டமாக இருக்கும், படிப்பு ஓடாத மாதிரியும் தோன்றும். பிள்ளைகள் இரண்டாம் நாளே கைவிடுவது இதனால்தான். ஒரு கிழமை பிடித்துக்கொள்ளுங்கள்.

காரணம் ஆ: சொல் பாடம், பொருள் விளங்கவில்லை. சோதிப்பது சுகம்: “ஏன்?” என்று ஒரு கேள்வி. “காழ்க்கலன் முதிர்ந்ததும் உயிரில்லாத வெறும் குழாயாக இருப்பது ஏன் நல்லது?” தண்ணீர் தடையில்லாமல் மேலே போகத்தான் என்று தன் சொந்தச் சொல்லில் சொன்னால் விளங்கியிருக்கிறது. ரியூட்டில் உள்ள வசனத்தை அப்படியே ஒப்புவித்தால் விளங்கவில்லை. விளங்காததைப் பாடமாக்குவது எப்போதும் நட்டம். தரம் 10, 11 விஞ்ஞானப் புத்தகத்தில் அதே அலகை முதலில் பாருங்கள். பிறகு பள்ளிக்கூட ஆசிரியரைக் கேளுங்கள். இடைவேளையில் அவரிடம் போய் ஒரு கேள்வி கேட்கக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஏனோ இங்கே அது வழக்கொழிந்துவிட்டது.

காரணம் இ: குறிப்பு உங்களுடையதல்ல. அச்சடித்த ரியூட்டை அடுக்கி வைப்பது படிப்பு அல்ல. அதைப் பார்த்து அழகான எழுத்தில் திருப்பி எழுதுவதும் அப்படித்தான். கைக்கு வேலை, தலைக்கு ஓய்வு. மூடிவைத்து ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள்.

எப்போது ஆள் பிடிப்பது: இந்த மூன்றையும் மூன்று கிழமை செய்தும் ஒரு குறிப்பிட்ட அலகு மட்டும் பிடிபடவில்லை என்றால், அந்த அலகுக்கு மட்டும் ஒருவரிடம் தனியாக இருந்து கேளுங்கள். முழுப் பாடத்துக்கும் இரண்டாவது வகுப்பில் சேர்ந்தால் மாலையில் மிஞ்சியிருக்கும் நேரமும் போய்விடும்.

## அறிகுறி 2: “அண்டைக்கு நல்லா வருது, ரெண்டு கிழமையில மறந்து போகுது”

மறப்பது பழுது இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான். ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே பாடமாக்கித் தன்னையே சோதித்து 1885இல் எழுதி வைத்ததும் இதைத்தான்: மறதி முதல் நாளிலேயே வேகமாக நடக்கும், பிறகு மெல்ல அடங்கும். பிரச்சினை திரும்பிப் பார்க்கும் நாளில்தான்.

காரணம் அ: திரும்பிப் பார்ப்பதே இல்லை. புதுப் பாடம் துரத்திக்கொண்டே வரும். பழையது சோதனைக்கு முதல் மாதம் என்று ஒதுங்கும்.

காரணம் ஆ: எப்போதும் முதலாம் அலகில் இருந்து தொடங்குகிறீர்கள். கொப்பியின் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். முதல் கால் பங்கு கறுத்து, மிச்சம் வெள்ளையாக இருக்கிறதா? ஒவ்வொரு முறையும் “இந்த முறை முதல்ல இருந்து ஒழுங்காப் படிக்கப் போறன்” என்று தொடங்கி, கலத்தோடு நின்றுபோன கதை அது. அடுத்த முறை கொப்பியின் நடுவில் தொடங்குங்கள்.

காரணம் இ: ஒரே இருப்பில் ஐந்து தரம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து தரம் பார்ப்பதை விட, அதே ஐந்தையும் ஒரு மாதத்தில் பிரித்துப் பார்ப்பது நிற்கும். நேரம் ஒன்றுதான்.

இடைவெளி எவ்வளவு? சோதனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்தது. ஒரு கிழமையில் என்றால் ஒரு நாள் விட்டுப் பார்த்தால் போதும். இரண்டு மூன்று மாதம் என்றால் இரண்டு மூன்று கிழமை வரை விடலாம். கணக்குப் பார்க்க அலுப்பு என்றால் அடுத்த நாள், நாலாம் நாள், இரண்டாம் கிழமை, அடுத்த மாதம். இது பெரும்பாலானோருக்குச் சரிவரும்.

கடைக்காரர் வருடப்பிறப்புக்குத் தரும் நாள் கிழிக்கும் கலண்டர் இதற்கு நல்ல கருவி. இன்று “பிரசாரணம்” படித்தால், நாளைய தாளிலும் நாலாம் நாள் தாளிலும் இரண்டு கிழமை கழித்து வரும் தாளிலும் மூலையில் “பிரசாரணம்” என்று எழுதிவிடுங்கள். அன்று காலை தாள் கிழிக்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று அதுவே சொல்லும். இதற்கென்று நேர அட்டவணை கீற வேண்டாம். கலர் கலராகக் கீறின அட்டவணை இரண்டு நாளுக்கு மேல் உயிரோடு இருந்ததை நான் காணவில்லை.

சிறு விஷயங்களுக்கு அட்டை முறை. பிறிஸ்டல் போட்டை வெட்டி ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். பிஸ்கற் ரின்னை ஐந்தாகத் தடுத்துவிடுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும், பிழைத்தது எந்தத் தடுப்பில் இருந்தாலும் முதலாவதுக்குத் திரும்பும். முதல் தடுப்பு தினமும், கடைசித் தடுப்பு மாதம் ஒரு தரம். லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய முறை. இதையே ஆன்கி என்ற செயலி போனில் செய்யும்; ஆண்ட்ரொயிட்டில் இலவசம், தமிழும் எழுதலாம். ஆனால் அட்டை பார்க்கப் போனை எடுத்து வட்ஸ்அப்பில் முடிக்கிற ஆள் நீங்கள் என்றால் பிஸ்கற் ரின்தான்.

எப்போது ஆள் பிடிப்பது: இந்த அறிகுறிக்கு யாரும் தேவையில்லை. கலண்டர் போதும்.

## அறிகுறி 3: “முதல்ல இருந்து சொன்னால்தான் வரும்”

தேவாரத்தை நடுவரியில் தொடங்கச் சொன்னால் நாமும் முதலடியை மனதுக்குள் ஓடவிட்டுத்தான் பிடிப்போம். ஒப்புவித்துப் பாடமாக்கினால் ஒரு வரி அடுத்த வரியை இழுக்கும். ஒரு சொல் விட்டால் பிறகு எல்லாம் நிற்கும். தேவாரத்துக்கு அது பரவாயில்லை. பல்தேர்வு வினா நடுவில்தான் கேட்கும்.

சோதனை: பாடத்தில் எட்டுப் படிகள் இருந்தால், துண்டில் எண் எழுதிக் குலுக்கி எடுங்கள். ஐந்து வந்தால் ஐந்தாம் படி, அதற்கு முந்தியது, பிந்தியது. முட்டினால் அந்த மூட்டை மட்டும் பழகுங்கள். வரைபடம் என்றால் இடதுபக்க மேல் மூலையில் தொடங்காமல் நடுவில் இருந்து கீறிப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் தீரும் பழுது இது.

## அறிகுறி 4: “ஒண்டோட ஒண்டு குழம்புது”

இழையுருப்பிரிவா ஒடுக்கற்பிரிவா, காழா உரியமா, நாடியா நாளமா. இங்கே மறதி இல்லை; இரண்டும் தலைக்குள் இருக்கின்றன, அடையாளம்தான் ஒன்று.

காரணம் அ: இரண்டையும் ஒருபோதும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஒன்றை வைகாசியில் படித்தீர்கள், மற்றதை ஆடியில். ஒரு தாளை இரண்டாக மடித்து வேறுபாட்டை மட்டும் எழுதுங்கள், ஒற்றுமை வேண்டாம். இழையுருப்பிரிவில் மகட்கலம் இரண்டு, ஒடுக்கற்பிரிவில் நாலு. ஒன்றில் நிறமூர்த்த எண்ணிக்கை மாறாது, மற்றதில் பாதி. அமைப்பொத்த நிறமூர்த்தங்கள் சோடி சேர்வது ஒடுக்கற்பிரிவில் மட்டும். ஐந்து வேறுபாட்டுக்கு மேல் ஒரு தாளில் எழுத வேண்டாம்.

காரணம் ஆ: விதியைப் பிடித்து, விதிவிலக்கை விட்டுவிட்டீர்கள். “நாடியில் ஒட்சிசன் கூடிய குருதி” என்று படித்த பிள்ளை சுவாசப்பை நாடியில் விழும். நாடி என்றால் இதயத்தில் இருந்து வெளியே போவது என்று பிடித்தால் விதிவிலக்கே இல்லை. குழப்பம் திரும்பத் திரும்ப வந்தால் நீங்கள் பிடித்திருக்கும் விதி பிழையா என்று ஒருமுறை பாருங்கள்.

காரணம் இ: ஒரே மாதிரிக் கேள்வியைத் தொடர்ந்து செய்கிறீர்கள். இருபது கேள்வியும் ஒடுக்கற்பிரிவு என்றால் எது என்று யோசிக்கத் தேவையே வராது. கலந்து செய்யுங்கள். கடந்தகால வினாத்தாள்கள் கலந்துதான் இருக்கின்றன; பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் கிடைக்கும். அலகு வாரியாகப் பிரித்து அச்சடித்த தொகுப்பை முதல் முறை படிக்கும்போது மட்டும் பாவியுங்கள்.

## அறிகுறி 5: “விளக்கம் எல்லாம் தெரியும், பட்டியல்தான் நிக்குதில்லை”

ஒழுங்கு, பெயர், எண். இவற்றுக்கு மட்டும் குறுக்கு வழி கூடும். கலப்பிரிவின் முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முகவவத்தை, ஈற்றவத்தை நிற்காவிட்டால்: “முற்றத்து அணில் மேசையில ஈ பிடிச்சது.” முதலெழுத்து நாலும் இருக்கிறது. வசனம் எவ்வளவு விசரோ அவ்வளவுக்கு நிற்கும், நீங்களே கட்டியது இன்னும் நிற்கும். ஆனால் இந்த மாதிரி வசனம் ஒரு பாடத்துக்குப் பத்துக்கு மேல் போனால், வசனங்களைப் பாடமாக்க இன்னொரு வசனம் தேவைப்படும்.

நீளமான பட்டியலை நாலு நாலாக உடையுங்கள். அல்லது ஒவ்வொன்றையும் வீட்டில் ஓரிடத்தில் வையுங்கள்: படலை, கிணற்றடி, குசினி, சாமியறை. மனதால் நடந்து போய் எடுத்து வருவது. புலோலியில் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை ஒரே அமர்வில் நூறு விஷயத்தைக் கவனித்துத் திருப்பிச் சொல்லும் சதாவதானி என்று பெயர் எடுத்தவர். அவதானம் என்பது பழகிப் பெறும் வித்தை, கடையில் வாங்குவதல்ல. வல்லாரைச் சம்பல் சோற்றோடு அருமை, சாப்பிடுங்கள். அதை நம்பி வெற்றுத்தாளை விட வேண்டாம்.

## அறிகுறி 6: “வீட்டில வருது, மண்டபத்தில வருகுதில்லை”

காரணம் அ: வீட்டிலும் உண்மையில் வரவில்லை. பக்கத்தில் கொப்பி திறந்திருந்ததா? அம்மா முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தாரா? அப்படியென்றால் அறிகுறி 1க்குத் திரும்புங்கள்.

காரணம் ஆ: நேரம் வைத்துச் செய்து பழக்கமில்லை. உயிரியல் முதலாம் பத்திரத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு 50 வினா. ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. கட்டிலில் சாய்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு செய்த பிள்ளைக்கு மண்டபம் புது ஊர். கிழமைக்கு ஒரு முழுப் பத்திரம் மேசையில், மணிக்கூட்டோடு, எழும்பாமல். கோயில் திருவிழா ஒலிபெருக்கி பக்கத்தில் அலறினால் அதுவும் பயிற்சிதான் என்று எழுதுங்கள், அல்லது பொது நூலகத்துக்குப் போங்கள். இடத்தை மாற்றி மாற்றிப் படிப்பது நல்லது. ஒரே மூலைக்குப் பழகிய ஞாபகம் மற்ற இடத்தில் அடம்பிடிக்கும்.

காரணம் இ: பயம். கை வேர்க்கும், வாசித்த வினாவே விளங்காது. வினாத்தாள் கிடைத்ததும் வாசிப்பு நேரம் பத்து நிமிடம் இருந்தால் அதில் தெரிந்த வினாவைத் தேடுங்கள், தெரியாததை எண்ண வேண்டாம். மூச்சை உள்ளே எடுப்பதை விட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். வராத பதிலை இழுத்துக்கொண்டு நிற்காமல் அடுத்ததற்குப் போங்கள். விட்டுவிட்டுப் போனால் வழியில் தானாக வரும்.

எப்போது ஆள் பிடிப்பது: சோதனைக்கு முதல் நாட்களில் சத்தி, நெஞ்சுப் படபடப்பு, நித்திரையே இல்லை, பள்ளிக்கூடம் போக மறுப்பு என்றால் இது படிக்கும் முறையால் தீராது. பள்ளிக்கூடத்து ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் முதலில் பேசுங்கள். “எங்கட காலத்தில இப்பிடியே?” என்று தொடங்கும் உறவினரை அந்தக் கிழமை வீட்டுக்குக் கூப்பிடாமல் இருப்பதும் உதவி.

## அறிகுறி 7: “பக்கம் திரும்புது, தலைக்குள்ள ஏறுதில்லை”

காரணம் அ: நித்திரை. பதின்ம வயதுக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் வேண்டும். இரவு பதினொன்றரைக்குப் படுத்து, காலை நாலுக்கு அம்மா தேத்தண்ணியோடு எழுப்பினால் கிடைப்பது நாலரை. படித்தது பதிவதே நித்திரையில்தான். இரண்டு கிழமைக்குப் படுத்த நேரம், எழும்பிய நேரத்தை எழுதிப் பாருங்கள். விடிய எழும்பிப் படிப்பது பிழையில்லை, ஆனால் நாலுக்கு எழும்புவதென்றால் எட்டு மணிக்கே படுக்க வேண்டும்.

காரணம் ஆ: போன். கவிழ்த்து வைத்தால் காணாது. அடுத்த அறையில் வையுங்கள்.

காரணம் இ: மணித்தியாலக் கணக்கு. பள்ளிக்கூடம் முடிந்து, சைக்கிளில் ரியூட்டரிக்கு ஓடி, ஆறரைக்கு வீடு வரும் பிள்ளை எப்போது தன்பாட்டில் படிப்பது? கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் கேட்கிறது, எத்தனை மணித்தியாலம் தானாகச் செய்கிறது என்று எழுதுங்கள். இரண்டாவது எண் மிகச் சிறியதாக இருந்தால் ஒரு வகுப்பை நிறுத்துங்கள். வகுப்பு எடுக்கிற நானே இதைச் சொல்கிறேன்.

காரணம் ஈ: கண், குருதி. கரும்பலகை மங்கலா, வாசித்தால் தலையிடியா? கண் பரிசோதனை. எப்போதும் களைப்பு, படியேற மூச்சு வாங்குதல், வெளிறிய முகம் என்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். பெண்பிள்ளைகளில் இது கூட. அரச வைத்தியசாலையில் ஒரு குருதிப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தானாகக் குளிசை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

எப்போது உடனே வைத்தியரிடம்: நன்றாக இருந்த பிள்ளைக்கு ஞாபகம் திடீரென்று குறைந்தால். விழுந்து தலையில் அடிபட்ட பிறகு குழப்பம் இருந்தால். பேசிக்கொண்டிருக்கும்போது சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, நடந்தது தெரியாமல் இருந்தால். இவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம்.

சின்ன வயதில் இருந்தே வாசிப்பதும் எழுத்துக்கூட்டுவதும் பெரும்பாடு, ஆனால் வாயால் கேட்டால் கெட்டிக்காரன் என்றால் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அதைச் “சோம்பல்” என்று அடித்துத் திருத்த முடியாது. பாடசாலை மூலமோ வைத்தியர் மூலமோ மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் விருப்பமில்லை, சாப்பாடு குறைகிறது, கூட்டாளிகளையும் விட்டு ஒதுங்குகிறது, “இருந்து என்ன பிரயோசனம்” என்ற மாதிரிக் கதை வருகிறது என்றால் படிப்பை அன்றே ஓரமாக வையுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. போகும்போது அந்த நித்திரைக் குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். வைத்தியர் முதலில் கேட்பதே அதுவாக இருக்கும். பிள்ளை கொஞ்ச நேரம் அவரோடு தனியாகப் பேச நீங்கள் வெளியே இருங்கள்.